உறைபனிக்குக் காத்திருக்கிறவர்கள்

அபெரிஸ்ட்வித், வேல்ஸ்
நவம்பர்

அன்புள்ள மீனா,

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்களா? நவம்பர் பிறந்தாலே எனக்கு வங்கக்கடல் நினைப்புதான். சம்பா தண்ணீரில் நிற்கிறதா, அத்தை வீட்டுப் பக்கம் எப்படி இருக்கிறது, எல்லாம் எழுது.

இங்கே இந்த வாரத்துக்கான வானிலை மூன்று வரியில் முடிந்துவிட்டது. பகலில் 13, 14 டிகிரி. இரவிலும் 9க்குக் கீழே இறங்காது. தென்மேற்குக் காற்று, மேகமூட்டம், அவ்வப்போது தூறல், உறைபனிக்கு வாய்ப்பில்லை. அசோர்ஸ் தீவுகள் பக்கமிருந்து அட்லாண்டிக் மேலாக வரும் காற்று, கடலின் வெதுவெதுப்பை அள்ளிக்கொண்டு வந்து இந்தக் கரையில் கொட்டுகிறது. நல்லதாகப் போயிற்று என்று நான் சந்தோஷப்பட்டேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இந்த வாரமும் இல்லையா!" என்றார்.

அவருக்கு ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் டேலியா இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது, குங்குமச் சிவப்பில். முதல் உறைபனி பட்டு இலை கருகினால்தான் செடி ஓய்வுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் தண்டைச் சாண் உயரத்துக்கு வெட்டி, கிழங்கைத் தோண்டி, தண்டுக்குள் இருக்கும் நீர் வடியத் தலைகீழாக வைத்து உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைப்பார்கள். நான் பார்த்த அன்று ஒரு பூவில் கொழுத்த ராணி வண்டுத்தேனீ ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. மண்ணுக்குள் உறங்க வேண்டிய காலம் அதற்கு. இப்படி விழித்து அலைந்தால் உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் வசந்தத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று அம்மா பதறினார்.

ஞாயிறு மதியம் பார்ஸ்னிப் வறுத்துப் போட்டார். வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு. ஓரம் முறுகலாக, எனக்கு ருசியாகத்தான் இருந்தது. அவர் ஒரு துண்டோடு தட்டைத் தள்ளிவிட்டார். குளிர் பட்டால்தான் கிழங்கிலுள்ள மாவு சர்க்கரையாக மாறுமாம். "ஜனவரியில் வந்து சாப்பிட்டுப் பார்" என்றார்.

அதற்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்த முகமாக "இதமான வாரம்" என்று சொன்னபோது எனக்கே எரிச்சல் வந்தது. யாருக்கு இதம்? இங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ட்ரௌஸ்கோய்ட்டில் 2015 நவம்பர் 1 அன்று 22.4 டிகிரி பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் நவம்பருக்கு அதுதான் உச்சம். கடற்கரையில் திருவிழாக் கூட்டம் என்கிறார் அம்மா. அவர் மட்டும் அன்று தோட்டத்துப் பக்கமே போகவில்லையாம்.

யோசித்துப் பார்த்தால் வானிலை சொல்லும் வழக்கமே அக்கறையில் பிறந்ததுதான், மீனா. 1859இல் 'ராயல் சார்ட்டர்' கப்பல் இதே வேல்ஸின் வடகரையில் புயலில் உடைந்து 400 பேருக்கு மேல் போனார்கள். அந்தத் துக்கத்தில்தான் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வினைக் கப்பலில் அழைத்துப் போன அதே கேப்டன், 1861இல் துறைமுகங்களில் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயலை முன்கூட்டியே காட்ட ஏற்பாடு செய்தார். நம் கூண்டும் அந்த வழியில் வந்ததுதான். அதே வருஷம் ஆகஸ்டில் 'தி டைம்ஸ்' நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பும் அவர் கையால் வந்தது. இன்றைக்கு நாலு நாளைக்குச் சொல்வது, முப்பது வருஷத்துக்கு முன் மறுநாளைக்குச் சொன்ன அளவுக்குப் பலிக்கிறது. வரப்பில் நிற்கிறவருக்கும் படகை இறக்குகிறவருக்கும் அந்த நாலு நாள் எவ்வளவு பெரிய வரம்! அவர்களையும் அம்மாவைப் போன்றவர்களையும் மனதில் வைத்து, "இதமான வாரம்" என்பதோடு இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் என்ன?

அடுத்த வாரம் காற்று வடக்கிலிருந்து வீசலாம் என்று இன்று காலை சொன்னார்கள். அம்மா மணல் மூட்டை வாங்கிவிட்டார். கிழங்கு தோண்ட நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஊர் திரும்ப ஒரு வாரம் தள்ளும். அண்ணனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
வசந்தா