கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு



ஓசூரில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜிம். சிப்காட்டில் ஷிப்டு முடித்த பையன்கள் நேராக அங்கேதான் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அவர்கள் வாங்கும் பவுடர் டப்பாவைப் பற்றி எனக்குப் போன் வந்தபடியே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த ஒருத்தியின் மகன், கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. "கிட்னி போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர்" என்று போனில் அழுதாள். பயத்தில் பவுடர் முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டாள். சம்பளக் காசில் வாங்கியதாயிற்றே என்று மகன் அம்மாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

இரண்டு பெயரும் ஒன்றுபோல் இருப்பதால் வந்த வினை இது. கிரியேட்டின் நம் உடம்பிலேயே உள்ள பொருள். கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து தினமும் சுமார் 1 கிராம் தயாரிக்கின்றன. கறியிலும் மீனிலும் உண்டு. 1832-ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியில்தான் இதைக் கண்டுபிடித்தார். கிரியேட்டின் சிதைந்து உண்டாகும் கழிவுதான் கிரியேட்டினின். சிறுநீரகம் அதை வெளியேற்றும். ஆகவே பவுடர் சாப்பிடுகிறவருக்குக் கிட்னி நன்றாக இருந்தாலும் அந்த எண் சற்றுக் கூடலாம்.

பவுடர் விஷயத்தை டாக்டரிடம் சொல்லும்படி அவளிடம் சொன்னேன். அவர் சில வாரம் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தார், சரியாக இருந்தது. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கிட்னிக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

சரி, அது என்னதான் செய்கிறது? சம்பளம் வரும்வரை பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிறோமே, அதுபோலத்தான். தசைக்குச் சட்டென்று சக்தி தேவைப்படும் சில நொடிகளுக்குக் கைகொடுக்கும். கயிறு ஏற, 100 மீட்டர் ஓட உதவலாம். ஆனால் போலீஸ் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டுமே, அதற்குப் பெரிதாகப் பயன்படாது. தசையில் நீர் சேர்ந்து எடை ஒன்றிரண்டு கிலோ கூடவும் செய்யும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலம் வராது.

பழக்கமில்லாத கடும் பயிற்சி செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடம்பு வலிக்கும். தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் காரணம். அதை உடம்பு சரிசெய்ய ஓய்வும் உறக்கமும் சாப்பாடும் வேண்டும். அந்தப் பையன் நைட் ஷிப்டு முடித்து நாலு மணி நேரம்தான் தூங்குகிறான் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. எந்த டப்பாவும் அந்தத் தூக்கத்தைத் திருப்பித் தராது. நம் ஊர்க் களியும் கொள்ளுக் குழம்பும் இரண்டு முட்டையும் அலட்சியமான சாப்பாடு அல்ல.

பிள்ளைகளே, மூன்று விஷயம் மட்டும் மறக்காதீர்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் பவுடர் சாப்பிடுவதை மறைக்காதீர்கள். கடும் பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை பெருமளவில் சிதைந்து கிட்னியைத் தாக்கும் ஆபத்து அது.

பெற்றோர்களே, டப்பாவைக் கொட்டுவதற்கு முன் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்