குட்டை மீனில் மண் வாடையா? சட்டிக்கு வருமுன்பே தீர்க்கலாம்

பண்ணைக்குட்டை வைத்திருக்கும் ஊர்களில் கூட்டம் நடக்கும்போது ஆண்கள் குஞ்சு, தீவனம், விலை பற்றிக் கேட்பார்கள். கூட்டம் முடிந்து கிளம்பும்போது பெண்கள் தனியாக வந்து கேட்பது வேறு. “மீனு நல்லாத்தான் வளருதுங்க சார். குழம்பு வச்சா மண்ணு வாடை அடிக்குது. புள்ளைங்க தொட மாட்டேங்குது.”

இதைச் சின்னக் கேள்வி என்று நான் நினைப்பதில்லை. வாடை அடிக்கிறது என்பதால் குட்டை மீன் முழுவதையும் கரையிலேயே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, சந்தையில் பல நாள் ஐஸில் கிடந்த மீனை அதிக விலைக்கு வாங்கிச் சாப்பிடும் குடும்பங்கள் உண்டு. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய நல்ல புரதம் கண்ணெதிரே போய்விடுகிறது.

இந்த வாடை சேற்றிலிருந்து நேராக வருவதில்லை. குட்டையில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழையில் மண் மணக்கிறதே, அதே பொருள்தான். மீன் இதைச் செவுள் வழியாக உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. ஆகவே மேலே எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் முழுதாகப் போகாது. வேலை குட்டையிலேயே தொடங்க வேண்டும்.

கையை நீட்டி முழங்கை வரை தண்ணீருக்குள் விடுங்கள். அதற்கு முன்பே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம் என்று பொருள். சாணம் போடுவதை நிறுத்தி, தீவனத்தைக் குறையுங்கள். முடிந்தால் கொஞ்சம் தண்ணீரை மாற்றுங்கள்.

வீட்டுக்கு வேண்டிய நாலைந்து மீனை முன்கூட்டியே உயிரோடு பிடித்து, சுத்தமான தண்ணீர் உள்ள சிமென்ட் தொட்டியில் தீவனம் போடாமல் 3 முதல் 7 நாள் விட்டு வையுங்கள். போர்த் தண்ணீரில் காற்று குறைவு. உயரத்திலிருந்து கொட்டும்படி விடுங்கள். தினமும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மீன் துள்ளி விழாமல் மேலே வலை கட்டுங்கள். எடை கொஞ்சம் குறையும், ருசி கூடும். வாடை போய்விட்டதா என்று அறிய ஒரு மீனை அறுத்து, வால் பக்கத்துத் துண்டை உப்பு, மசாலா சேர்க்காமல் ஆவியில் வேகவைத்து முகர்ந்து பாருங்கள்.

இது நமக்குப் புதிதும் இல்லை. மதுரைப் பக்கம் அயிரை மீனை உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்துத்தானே குழம்பு வைக்கிறார்கள். அயிரை வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கக் கொஞ்ச நேரம் போதும். கட்லாவின் சதையில் ஏறிய வாடை இறங்கச் சில நாள் ஆகும்.

பிடித்ததும் மீனை ஐஸ் தண்ணீரில் போட்டு, செவுளையும் குடலையும் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். பித்தப்பை உடைந்தால் கறி கசக்கும். இன்னொரு முக்கியமான விஷயம்: நோய்க்கு நல்லது என்று மீன் பித்தத்தைப் பச்சையாக விழுங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ரோகு, புல்கெண்டை போன்ற கெண்டை இனங்களின் பித்தம் நஞ்சு. அதை விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பித்தப்பையை நாய், கோழிக்குக்கூடப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

கழுவும்போது வயிற்றின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுங்கள். வயிற்றோரக் கொழுப்பையும், தோலுக்கு அடியில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் நீக்கினால் மிச்ச வாடையில் பெரும்பங்கு போய்விடும். பிறகு கல் உப்பு, மஞ்சள் போட்டுத் தேய்த்து, புளித்தண்ணீரிலோ புளித்த மோரிலோ கால் மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். புளிப்பு இந்த வாடையை முறிக்கும். மீன் குழம்புக்குப் புளி கூட்டிய நம் பாட்டிமார் காரணம் தெரியாமல் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் மீனைப் பார்த்துத்தான் பக்குவம். கட்லாவின் தலையும் நடுத்துண்டும் குழம்புக்கு. மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டுப் புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுவோம். மீன் கடைசியில்தான்; மெல்லிய துண்டு என்றால் ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றிவிட வேண்டும்.

ஜிலேபியை முழுதாக வறுக்கலாம். பிடித்தவுடன் கல்லில் போட்டால் சுருண்டுகொள்ளும். இரு பக்கமும் கத்தியால் கீறி, மசாலா தடவி, ஒரு மணி நேரம் குளிர்ச்சியில் வைத்துப் போட்டால் சுருள்வது குறையும். ரோகு, மிர்காலில் சதைக்குள்ளே பொடி முள் அதிகம். குழந்தைகளுக்குப் புட்டுதான் சரி. மஞ்சள், உப்புடன் வேகவைத்து, ஆறியதும் விரலால் தடவித் தடவி முள் எடுத்து, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு சுருள வதக்குங்கள். விராலின் வழவழப்புக்கு அடுப்புச் சாம்பலும் கல் உப்புமே போதும்.

ஒரு யோசனை சொல்கிறேன். அறுவடை நாளில் எல்லாவற்றையும் எடை போட்டு அனுப்பிவிடாதீர்கள். நெல்லில் வீட்டுக்கென்று மூட்டை ஒதுக்குவது போல, மீனிலும் வீட்டுப் பங்கை முதலில் தொட்டியில் விட்டுவிட்டு, மிச்சத்தைத் தராசில் வையுங்கள்.