தொந்தியின் நிழல்

கண் தெரியவில்லை, இதழின் முறுவல் தெரியவில்லை, உடையின் நிறம் தெரியவில்லை. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே கருமை! ஆயினும், ஷேக்ஸ்பியரை ஒருமுறை படித்தவன் அந்தத் தொந்தியைக் கண்டதும், 'இவன் பால்ஸ்டாப் அன்றோ!' என்று கூவிவிடுவான். ஜெர்மானிய ஓவியர் பால் கொனேவ்கா ஆக்கிய நிழலுருவம் அது. முப்பது வயதளவில், 1871-இல், பெர்லினில் மறைந்தார் அவர். பால்ஸ்டாப்பையும் அவன் கூட்டாளிகளையும் காட்டும் அவருடைய படங்கள் மறு ஆண்டு நூலாக வெளிவந்தன.

கல்லூரியில் 'நான்காம் ஹென்றி' பயின்று, இன்று பள்ளியில் பாடம் சொல்லும் நாம், கதையைக் கூறாமலே அப்படத்தை மாணவரிடம் காட்டினோம். "இவர் எப்படிப்பட்டவர்?" என்று வினவினோம். "நல்லவர் ஐயா, சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்" என்றான் ஒருவன். "பசி அறியாதவர்" என்றான் மற்றொருவன். ஒரு கோட்டைக் கண்டு ஒரு குணத்தையே கட்டிவிட்டனர்!

சிறுவர்கள் மட்டுமா? கற்றறிந்த ஐரோப்பாவே ஒருகாலத்தில் இப்பித்தில் ஆழ்ந்து கிடந்தது. சூரிச் நகரத்துப் பாதிரியார் லாவாட்டர், 1775 முதல் 1778 வரை நான்கு பெருந்தொகுதிகள் வெளியிட்டு, முகத்தின் நிழலைக் கொண்டே உள்ளத்தைப் படிக்கலாம் என்றார். நெற்றியின் சரிவில் அறிவாம், மூக்கின் வளைவில் ஒழுக்கமாம்! மறுத்தெழுந்தார் லிக்டன்பர்க். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர், முதுகு கூனியவர். உருவத்தை வைத்து உள்ளத்தை அளப்போர் தம்மை எந்தத் தட்டில் நிறுத்துவர் என்பதை அவர் அறியாரா? 1778-இல் அவர் எழுதிய மறுப்பு, அம்மாயையை அறிவுக் கணையால் துளைத்தது.

கொனேவ்காவின் கைத்திறனை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால், கருமை எதைக் காட்டும், எதை விழுங்கும் என்று பார்க்க வேண்டாமா? பார்டால்பின் சிவந்த மூக்கை நாடகம் ஓயாது நையாண்டி செய்கிறது. மையிருட்டில் அச்சிவப்பு ஏது? அது சிறிய இழப்பு. பேரிழப்பு வேறு.

பால்ஸ்டாப் படைக்கு ஆள் திரட்டும் காட்சியை நினைவு கூருங்கள், தோழர்களே! இரண்டாம் பகுதியில் வருகிறது அது. ஐந்து ஊர்மக்கள் நிறுத்தப்படுகின்றனர். மோல்டியும் புல்காபும் பார்டால்பின் கைக்குள் பணத்தைத் திணிக்கின்றனர். உடல்வலிவு மிக்க அவ்விருவரும் வீடு திரும்புகின்றனர். பணம் தராத மூவருக்குப் போர்க்களம்! ஒருவன் பெண்களுக்கு உடை தைப்பவன். ஒருவன் கந்தல் உடுத்தவன். மூன்றாமவன் பெயரே ஷாடோ, நிழல்! முதற்பகுதியிலோ, தான் களத்துக்கு இட்டுச் சென்ற நூற்றைம்பது பேரில் மூவர்கூட மிஞ்சவில்லை என்று பால்ஸ்டாப் தன் வாயாலேயே கூறுகிறான். அவன் மட்டும் செத்தவன்போலக் கிடந்து பிழைத்தெழுகிறான்.

மானம் என்பது வெறும் பேச்சு என்று அவன் வாதிடும்போது நமக்கும் கைதட்டத் தோன்றுகிறது. மன்னர்தம் புகழுக்காக மக்கள் மடிவதை அத்துணைக் கூர்மையாக எள்ளியவர் அரியர். ஆனால், அந்த வாதம் அவன் உயிருக்கு மட்டுமே கேடயமாயிற்று. ஷாடோவின் உயிரை அவனே விலை பேசினான். அந்தத் தொந்தி அப்படித்தான் பெருத்தது.

காட்சியைப் படித்து முடித்தபின், படத்தை மீண்டும் கேட்டு வாங்கினான் ஒரு மாணவன். "ஷாடோ எங்கே ஐயா?" என்றான். பால்ஸ்டாப்பின் உருவத்துள் அவனைக் காண முடியாது என்றோம்; நாடகத்தின் அப்பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தோம். அங்கும் இரண்டே முறைதான் வாய் திறக்கிறான் ஷாடோ.