ஜாடிக்கும் முகம் உண்டு

பூ ஜாடி வாங்குவதில் என்ன பிரமாதமான சங்கதி இருக்கிறது என்று கேட்பீர்கள். கடைக்குப் போனோம், கண்ணுக்குப் பிடித்ததை எடுத்தோம், காசைக் கொடுத்தோம் என்பதுதானே வழக்கம்? ஆனால், சகோதரிகளே, விறகுச் சூளையில் வெந்த ஜப்பானிய ஜாடி விஷயத்தில் அது நடவாது. ஏனென்றால், முதல் பார்வைக்கு அது யாருக்கும் பிடிப்பதே இல்லை!

நாங்கள் இருப்பது கோபே நகரம். பெண்ணுக்கு ஒஸாகாவில் உத்தியோகமாகி, அங்கே ஒற்றை அறை வீடு ஒன்று அமர்த்திக்கொண்டாள். நம் வழக்கப்படி அண்டா, குண்டான், அப்பக்காரை என்று ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்தேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இதையெல்லாம் வைக்க அங்கே இடம் ஏது, அம்மா? ஒரே ஒரு சாமான் கொடு. வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தால், அதைப் பார்த்ததும் 'நம் வீடு' என்று தோன்ற வேண்டும்."

ஒன்பது பெட்டி சாமான் கொடு என்றால் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு சாமான் கொடு என்றால் எதைக் கொடுப்பது? இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த வீட்டு அம்மாள்தான் பிஸென் ஜாடி ஒன்று வாங்கலாமே என்றார். ஜப்பானில் மிகப் பழமையான சூளை ஊர்கள் என்று ஆறைச் சொல்லுவார்கள். ஸெத்தோ, தொகோனாமே, எச்சிஸென், ஷிகராக்கி, தம்பா, பிஸென். பிஸென் பாண்டம் செய்யும் இம்பே என்ற ஊர் ஒக்கயாமா மாகாணத்தில் இருக்கிறது. கோபேயிலிருந்து மேற்கே போய், அயோயியில் வண்டி மாறி, ஆக்கோ லைனில் போக வேண்டும். போனோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள் எட்டிப் பார்க்கின்றன.

முதல் கடையிலேயே என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். "இவ்வளவு விலை சொல்லுகிறார்களே, இதற்கு ஒரு பூச்சு வர்ணமாவது அடித்துத் தரக் கூடாதா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பிஸென் ஜாடிக்கு வர்ணமும் இல்லை, கண்ணாடிபோல் மின்னும் மெருகும் இல்லை. நெல் வயலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கிற, இரும்புச் சத்து மிகுந்த களிமண் அது. சூடு சட்டென்று ஏறினால் தாங்காது. ஆகையால் மெள்ள மெள்ளச் சூடேற்றி, பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரையில், இரவு பகலாகப் பைன் விறகு போட்டு எரிக்கிறார்கள். உஷ்ணம் 1,200 டிகிரிக்கு மேலே போகிறது. இப்படி வருஷத்துக்கு ஓரிரு தடவைதான் சூளை மூட்ட முடியும். பிரித்துப் பார்க்கும்போது கீறினது, கோணினது எல்லாம் கழிந்து போக, மிச்சந்தான் கடைக்கு வரும். விலைக்குக் காரணம் இதுதான். இதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் அடங்கினார்.

வர்ணம் அடிக்கிற வேலையை அங்கே நெருப்பு எடுத்துக்கொள்ளுகிறது. விறகின் சாம்பல் பறந்து வந்து ஜாடியின் தோள்மேல் படிந்து, அந்தச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளுகிறது. எள்ளைத் தூவினாற்போல் இருப்பதால் அதற்கு 'கோமா' என்று பெயர்; கோமா என்றால் எள். ஒரு ஜாடியின்மேல் வேறொரு சின்னப் பாண்டத்தை வைத்துச் சுட்டால், அந்த இடத்தில் சாம்பல் படாமல் வட்டமாகத் தடம் விழும். அது 'போத்தாமோச்சி', அதாவது ஒருவகை இனிப்புக் கொழுக்கட்டை. பெயர் வைத்தவர்கள் நல்ல பசி வேளையில் வைத்திருக்க வேண்டும்! பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவே வைக்கோலைச் சுற்றுவார்கள். வைக்கோலும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்து, சந்தன நிற மண்ணில் குங்குமக் கோடு இழுத்தாற்போல் சிவப்புக் கோடுகள் விழுகின்றன. இது 'ஹிதாஸுகி'.

ஒரு காலத்தில் இவையெல்லாம் விதை போட்டு வைக்கவும், தண்ணீர் நிரப்பவும் குடியானவர்கள் வைத்திருந்த பாண்டங்கள்தாம். பதினாறாம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கு நடத்திய ரசிகர்கள் இவற்றின் கரடுமுரடான அழகில் மனம் பறிகொடுத்து, ஒற்றைப் பூ வைத்துப் பார்த்தார்கள். பிற்காலத்தில் மவுசு குறைந்து போன இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் கனெஷிகெ தோயோ என்பவர். 1956-ல் ஜப்பான் சர்க்கார் அவரை அருவக் கலைச் செல்வத்தின் காவலராக அங்கீகரித்தது.

சரி, கடைக்கு வருவோம். நான் விலையைக் கேட்டேன். கடைக்கார அம்மாளோ, "என்ன பூ வைக்கப் போகிறீர்கள்? எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார். ஜன்னல் ஓரத்துத் தட்டு, ஒரு முழம்கூட அகலமில்லை, ஆபீஸிலிருந்து வருகிற பெண் வழியில் வாங்குகிற ஒரு பூ என்றேன்.

அவர் இரண்டு ஜாடிகளை முன்னால் வைத்தார். ஒன்று உயரமானது. தோளிலே எள் உருகி, தங்கமும் பச்சையுமாக வழிந்திருந்தது. மற்றொன்று குட்டையாய், வாய் குறுகி, வைக்கோல் கோடு போட்டது. எங்கள் வீட்டுக்காரர் உயரமானதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. எனக்கும் ஆசைதான். ஆனால் இப்படிப்பட்ட ஜாடியில் பூவைச் செருகினால் யார் பூவைப் பார்ப்பார்கள்? போதாததற்கு, கீழ்ப்பாகம் குறுகல். கோபேக்காரர்கள் 1995 ஜனவரிப் பூகம்பத்தை மறக்க மாட்டார்கள். அடுத்த வீட்டு அம்மாளின் அலமாரி அன்று ஒரே கவிழ்ப்பாய்க் கவிழ்ந்ததாம். அடி அகன்று, கனமாய் உட்காருவதாய்ப் பாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். குட்டை ஜாடியை எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் வாங்க நேர்ந்தால் இன்னும் சில சங்கதிகளைக் கவனியுங்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்றால் எங்கேயோ கீறல் இருக்கலாம். அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாயிருந்தால் மேஜையைக் கீறிவிடும். மெருகில்லாத மண்ணாதலால் சிலது நீர் கசியும். ஓர் இரவு தண்ணீர் ஊற்றிப் பழைய பத்திரிகைமேல் வைத்தால் தெரிந்துவிடும். மின்சார அடுப்பிலும் வைக்கோல் கோட்டை வரவழைக்க முடியும். ஆகையால் எந்தச் சூளை என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் கடையிலேயே வாங்குங்கள். பூ வைக்கும் முன் ஜாடியை நீரில் முக்கி எடுத்தால், மழை பெய்த மண்போல் நிறம் எழும்பி வருகிறது. பிஸென் ஜாடியில் பூ அதிக நாள் வாடாது என்று ஊரில் எல்லோரும் அடித்துச் சொல்லுகிறார்கள். நான் நாள் கணக்குப் பார்த்ததில்லை.

பணம் கொடுத்ததும் கடைக்கார அம்மாள் ஜாடியை மெதுவாகத் திருப்பி, "இதுதான் முகம்" என்று காட்டினார். சிவப்புக் கோடுகள் நாலைந்து குறுக்கும் நெடுக்குமாய் ஓடிய பக்கம். சாம்பல் விழுந்த ஜாடிக்கு நெருப்பே பெரும்பாலும் முகத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அது தாக்கிய பக்கந்தான் முகம். வைக்கோல் ஜாடி வேறொரு பாண்டத்துக்குள் பத்திரமாய் அடைந்து வெந்தது. அதன் முகத்தை மனிதர்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

ஒஸாகாவில் அந்த முகத்தை வெளியே பார்க்க வைத்து, ஒரு வெள்ளைச் செவ்வந்தியும் செருகினேன். பெண் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், ஜாடியை அரை வட்டம் திருப்பினாள். அந்தப் பக்கம் ஒரே ஒரு கோடு, கழுத்திலிருந்து இறங்கி, பாதி வழியில் மறைந்து போயிருந்தது.

"இந்தப் பக்கந்தான் என்னைப் பார்க்கிறது, அம்மா" என்றாள்.