பென்சிலால் அடித்த தீவுகள்

மேசைமேல் அந்தமான் வரைபடம். நாலு மூலையிலும் நாலு கனம்: ஒரு டீ கிளாஸ், ஒரு செல்போன், கார்க் கைப்பிடி வைத்த குறடு, மடக்கிய குடை. ஜங்லிகாட் மீன்பிடித் துறைக்குப் பக்கத்துக் கடை. இந்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கடைக்குள் எல்லோர் வாயிலும் போர்ட் பிளேர்தான்.

வரைபடத்தைச் சுற்றி மூன்று பேர். மாமாவும் மருமகனும் தூத்துக்குடி. எதிரே இருப்பவர் இங்கேயே பிறந்து வளர்ந்த படகுக்காரர். அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் அதுவே என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாமாவுக்கு வேண்டியது பெரும்பாறை. தூண்டில்காரர்கள் ‘ஜிடி’ என்று சொல்லும் அந்த மீனில் உலகச் சாதனை 72.8 கிலோ, 2006-ல் ஜப்பானில் பிடித்தது. அந்த எண்ணை அவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மருமகனுக்குத் தூண்டிலில் நாட்டமில்லை. அவன் நோட்டில் ஒரு பட்டியல்: ஏழுவரி ஆமை, நார்கொண்டம் இருவாச்சி, அந்தமான் மரங்கொத்தி, ஆவுளியா. ஆவுளியாவுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருக்கிறான். மன்னார் வளைகுடாக் கரையில் பெரியவர்கள் பேசக் கேட்டு, பார்க்கக் கிடைக்காமலே வளர்ந்த பையனாக இருக்கும்.

படகுக்காரர் கையில் காதோரம் செருகி வைத்திருந்த பென்சில். மாமா ஓர் இடத்தில் விரல் வைக்கிறார். பென்சில் அங்கே போகிறது.

“இந்தத் தீவச் சுத்திப் பாருங்க அண்ணாச்சி, எம்புட்டுப் பெரிய பாரு கெடக்கு. ஒருத்தன் தூண்டி போட்டிருக்க மாட்டான்.”

“அது சென்டினல்ணே.” பென்சில் அந்தத் தீவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது. “அஞ்சு நாட்டிக்கல் மைலுக்கு உள்ள படகு போகக் கூடாது.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்க நிறைய இருக்கிறது. 2006-ல் அந்தப் பக்கம் நண்டு பிடிக்கப் போய்த் தூங்கிவிட்ட இருவரை நீரோட்டம் கரையில் கொண்டு சேர்த்தது, உயிரோடு திரும்பவில்லை. 2018 நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞரை அங்கே கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவரும் அந்தக் கரையிலேயே இறந்தார். நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சல், வெளியுலகோடு ஒட்டாமல் அந்தத் தீவில் வாழும் சிறு சமூகத்தையே அழித்துவிடக்கூடும். ஒரு மீனுக்காக எடுக்கக்கூடிய ஆபத்தா அது? மாமா வாதாடவில்லை, விரலை எடுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்து ஹாவ்லாக் பக்கம். அங்கே பென்சில் நிதானமாக நகர்ந்தது. “இதுல பாதி ராணி ஜான்சி கடல் பூங்கா. தூண்டி போட முடியாது. இங்க வண்டூர்ப் பக்கம் இன்னொண்ணு, மகாத்மா காந்தி பூங்கா. அதுவும் கெடையாது.” முந்தையது 1996-ல் அறிவித்தது, பிந்தையது 1983-ல். செல்போன் திரையில் எல்லாம் ஒரே நீலம்தான். எங்கே பூங்கா தொடங்குகிறது என்று கடலில் வேலி போட்டிருப்பதில்லை. பல வருடங்களாகத் தூண்டிலுக்குத் தப்பிய பவளப் பாறைகள் அங்கே இருப்பதால்தான் வெளியிலும் மீன் இருக்கிறது என்பது என் எண்ணம்.

“அப்ப பாரன் தீவு?”

“போலாம். எறங்க முடியாது.” இந்தியாவில் இன்னும் புகைகிற ஒரே எரிமலை அது. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991-ல் மறுபடி விழித்தது. கரையை ஒட்டியே கடல் மளமளவென்று ஆழமாகிவிடும். சூரையும் மயில்மீனும் கரைக்கு அருகிலேயே மேயும். படகுக்காரர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அன்றைக்கு விழுந்த முதல் வட்டம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மருமகன் அப்போதுதான் நோட்டைத் திருப்பி வைத்தான். நார்கொண்டம் என்று எழுதியிருந்ததைப் படகுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு. அந்த இருவாச்சிக்கு உலகத்தில் வேறு ஊர் கிடையாது. 2012-ல் அங்கே ரேடார் வைக்கக் கேட்ட அனுமதியைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தப் பறவைக்காகவே மறுத்தது.

“கரையில காலு வைக்க பர்மிட்டு கெடைக்கிறது கஷ்டம் தம்பி. கெடச்சாலும் நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

பையன் முகம் வாடியது. நியாயமான வாட்டம்தான், இத்தனை தூரம் வந்தவன். படகுக்காரர் அவனைத் தேற்றவில்லை, வேறு இடம் காட்டினார். விடியுமுன் சிடியா டாப்பு. மரங்கொத்தி அங்கே உண்டு. பிறகு வடக்கே காலிப்பூர் கடற்கரை: டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆமை ஏறும். அந்தமான் தீவுகளுக்குள் ஏழுவரி ஆமை லிட்டில் அந்தமானில்தான் அதிகம். காலிப்பூரில் எப்போதாவதுதான் வரும், பங்குனி ஆமை நிச்சயம். லிட்டில் அந்தமானில் முட்டையிட்ட ஏழுவரி ஆமைகளுக்கு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பார்த்தபோது, சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும், சில ஆப்பிரிக்கா பக்கமும் போயிருந்தன. பையனுக்கு இது தெரிந்திருந்தது. அவனே மாமாவுக்குச் சொன்னான், கண்கள் அகல.

“காலிப்பூருக்கு பஸ்ல போயிரலாம்ல?”

“ஜாரவா காட்டுக்குள்ள போற ரோடு. கப்பல்ல போங்க. ஏரியல் பேல எறங்கிக்கலாம்.” அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் வரிசை கட்டி ஓடுகின்றன. ஜன்னலோரம் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஜாரவா பழங்குடி மனிதர்களைத் தேடுகிறவர்களும் அந்த வண்டிகளில் இருக்கிறார்கள். அந்த வரிசையில் இரண்டு பேர் குறைந்தால் எனக்கு மகிழ்ச்சியே.

நாள் குறிக்கும்போது ஆச்சரியம். அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மாமாவுக்கு நீரோட்டம் வேகமாக இருக்க வேண்டும். பெரும்பாறை வேட்டைக்கு வருவது அப்போதுதான். பையனுக்கு ஆமை பார்க்க இருட்டு வேண்டும். சண்டை வந்தது விடியற்காலைக்குத்தான். பறவை கூவுவதும் மீன் மேலே வருவதும் ஒரே வேளையில். மாலையும் நீளாது, இங்கே பிப்ரவரியில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். கடைசியில் விடியற்காலைகளைப் பங்கு போட்டார்கள்: ஒன்று கடலுக்கு, ஒன்று காட்டுக்கு.

பிறகுதான் படகுக்காரர் தூண்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பாப்பர் என்னும் போலி இரைகளில் எல்லாம் மும்முள். “இது வேணாம்ணே. ஒத்த முள்ளு மாட்டுங்க.” மேசைமேல் கிடந்த குறட்டை எடுத்து, ஒரு முள்ளின் நுனியில் மீன் கழன்றுவிடாதபடி பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளை நசுக்கிக் காட்டினார். பெரும்பாறையைப் படம் எடுத்ததும் தண்ணீரில் விட வேண்டும். வாயில் ஏறிய மும்முள்ளைக் கழற்றும் நேரத்தில் மீன் செத்துவிடக்கூடும்.

“கைநழுவிப் போச்சுன்னா?” மாமா குரலில் உண்மையான கவலை.

“போகட்டும்ணே. சாப்பாட்டுக்கு வஞ்சிரம் ஒண்ணு வச்சுக்குவோம்.”

மாமா கொஞ்ச நேரம் அந்த நசுங்கிய முள்ளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குறட்டைக் கேட்டு வாங்கி, அடுத்த முள்ளைத் தானே நசுக்க ஆரம்பித்தார்.

ஆவுளியாவைப் பற்றிப் பையன் கடைசியில்தான் கேட்டான். இந்தத் தீவுகளின் மாநில விலங்கு அது. “கடல்புல்லு இருக்கிற எடத்துல படகோட எஞ்சின மெதுவா வைப்பேன்” என்றார் படகுக்காரர். “பாக்குறது நம்ம கையில இல்ல.” சதுப்புக் கால்வாய் பக்கம் தனியாக இறங்கக் கூடாது, முதலை உண்டு என்று அவனுக்கு மட்டும் அழுத்தி இரண்டு முறை சொன்னார். 2010-ல் ஹாவ்லாக்கில் முக்குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. இவர் வயதுப் படகுக்காரர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

முன்பணம் கைமாறியது. ஆதார் நகல் இரண்டு, இருவரின் உடல் எடை, லைஃப் ஜாக்கெட் அளவு ஆகியவற்றை வரைபடத்தின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டு, பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று மாமாவிடம் விசாரித்தார்.