எடைக்கு வராத எழுத்துகள்

காயலாங்கடைக்குள் நுழையும் எந்தப் பொருளும் முதலில் இழப்பது தன் பெயரைத்தான். வாசலில் இறக்கும்வரை அது சேஸிஸ், கியர்பெட்டி, ரேடியேட்டர். தராசில் ஏறிய பிறகு வார்ப்பிரும்பு, தகடு, பித்தளை என்று இரண்டு மூன்று இனங்களே உண்டு. வியாபாரத்தைக் குறை சொல்ல இதில் ஏதுமில்லை. பழைய இரும்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற நம் தலைமுறையில், கொடுத்தது எதனுடைய உறுப்பு என்று கேட்டவர் யார்?

அந்தக் கேள்வியைச் சற்றுத் தாமதமாகக் கேட்கத் தொடங்கியவர்கள் நாங்கள் மூவர். ஒருவர் பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றவர். ஒருவர் தமிழாசிரியர். மற்றவர் வங்கி ஊழியர். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளிலும், நகருக்கு வெளியே வாகனங்களை உடைக்கும் களங்களிலும் சில ஆண்டுகளாக அலைந்துவருகிறோம். தேடுவது ஒன்றைத்தான்: இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜீப்பின் உறுப்புகளை.

அந்த ஜீப்பின் வரலாறு சுருக்கமானது. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. தேவை பெருகவே, அதே வண்டியை அதே அளவுகளில் தயாரிக்கும் பணி ஃபோர்டுக்கும் தரப்பட்டது. இரு தொழிற்சாலைகளிலிருந்தும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. வில்லிஸ் வண்டிக்கு எம்பி என்றும் ஃபோர்டு வண்டிக்கு ஜிபிடபிள்யூ என்றும் பெயர். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை. போர் முடிந்தபின் எஞ்சியவற்றுள் பல இந்தியாவிலும் தனியார் கைக்கு வந்தன. 1947இல் மகிந்திரா நிறுவனம் பொதுமக்களுக்கான வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. ஆகவே ஒரே முகச்சாயலுள்ள வண்டிகள் பல பதிற்றாண்டுகள் நம் சாலைகளில் ஓடின. இன்று ஒரு குவியலைக் கிளறினால் 1943ஆம் ஆண்டின் உறுப்பும் 1973ஆம் ஆண்டின் உறுப்பும் ஒரே கிரீஸில் ஊறிக் கிடக்கக் காணலாம். அவற்றைப் பிரித்தறிவதுதான் முழு வேலையும்.

பிரித்தறியும் வழிகள் கடினமானவை அல்ல; பொறுமை வேண்டும், அவ்வளவே. முகப்புத் தகட்டில் செங்குத்துத் துளைகள் ஒன்பது இருந்தால் போர்க்கால ஜீப். ஏழு இருந்தால் போருக்குப்பின் பொதுமக்களுக்கு வந்த வில்லிஸ். முகப்பு விளக்கு கீலில் திரும்பினால் அதுவும் போர்க்காலத்தது. இரவில் எஞ்சினைப் பழுதுபார்க்க, விளக்கைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொள்ளும்படி அதை அமைத்திருந்தார்கள். சேஸிஸின் முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த பகரம் போலிருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டின் தலையில்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைச் சாய்வாகப் பொறித்தது. வில்லிஸின் சேஸிஸ் எண், இடப்புறச் சட்டத்தின் முன்முனையில், உட்பக்கமாக அறைந்த சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டின் எண் இடப்புறச் சட்டத்தின் மேற்பரப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எங்கள் தமிழாசிரியர் இதைப் பதிப்பாசிரியரின் வேலை என்பார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டே பாடத்தை நிறுவினார். எது மூலம், எது ஏடெழுதியவரின் பிழை, எது பின்னாளில் நுழைந்தது என்று பார்க்கும் அதே கண்தான் இங்கும் வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கள் பணிமனைக்காரர் ஒரு திருத்தம் சொன்னார். வில்லிஸ் சட்டத்தில் ஃபோர்டு போல்ட் இருந்தால் அதை உடனே இடைச்செருகல் என்று தள்ளக் கூடாது. உறுப்புகள் மாறிமாறிப் பொருந்தும் வண்டி இது. போர்க்களப் பணிமனையில் கைக்குக் கிடைத்ததைப் பூட்டி வண்டியை ஓட்டி அனுப்பியிருப்பார்கள். அந்தக் கலப்பும் மூலத்தின் பகுதிதான். போல்ட்டின் தலையையும் சட்டத்தையும் ஒரே பழம்பச்சைப் பூச்சு சேர்த்து மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அது பெரும்பாலும் விடை சொல்லிவிடும் என்றார். அன்றுமுதல் உப்புத்தாளையும் கம்பித் தூரிகையையும் நாங்கள் பையில் எடுத்துச் செல்வதில்லை.

சென்ற ஆண்டு ஒரு களத்தில், கேஸ் கட்டரால் துண்டாக்கப்பட்டுக்கொண்டிருந்த சேஸிஸ் ஒன்றைக் கண்டோம். பின்பாதி ஏற்கெனவே துண்டுகளாகியிருந்தது. முன் குறுக்குச்சட்டம் உருண்டையாக இருந்ததைப் பார்த்தவுடன் பணிமனைக்காரர் குரல் கொடுத்தார். "தம்பி, முன்பக்கம் கைவைக்காதப்பா, ஒரு நிமிஷம்." வெட்டிக்கொண்டிருந்த இளைஞர் சுடரைத் தணித்தார். இடப்புற முன்முனையின் உட்பக்கத்தில் தார் போல் இறுகிய அழுக்கின் அடியில் தகடு இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது எண்கள் மேலெழுந்தன. கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பவர்களைப் போல மெல்லிய தாளை ஒட்டிவைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தோம். அது 1943ஆம் ஆண்டு வண்டியின் எண்.

கடைக்காரர் சிரித்தார். "வண்டியே இல்ல சார், வெறும் நம்பருக்கா காசு குடுக்கப்போறீங்க?" ஆனாலும் எடைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. ஒன்றரை அடி நீளச் சட்டத்துண்டும் அதில் தகடும் எங்களுடையவை ஆயின.

சிக்கல் அதற்குப் பின்னர்தான் வந்தது. பழைய வாகனங்கள் சேர்க்கும் ஒருவர் செய்தியறிந்து வந்தார். அவரிடம் ஒரு ஜீப் இருந்தது. பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து, அழகாகப் பூட்டி, ஓடும் நிலையில் வைத்திருந்தார். அதில் இல்லாதது போர்க்கால எண் ஒன்றுதான். தகட்டை மட்டும் கழற்றித் தந்தால் நாங்கள் கொடுத்த விலையைப் போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னார். அவர் தீயவர் அல்லர். "உங்க அலமாரியில தூங்குற நம்பர், என் வண்டியில ஓடட்டுமே சார்" என்று அவர் சொன்னதில் உண்மையான ஆசை இருந்தது.

நாங்கள் இரண்டு வாரம் விவாதித்தோம். தொகை பெரியது, அதைக் கொண்டு இன்னும் பத்து உறுப்புகளைக் காப்பாற்றலாம் என்றார் வங்கி ஊழியர். அது பொய்யான வாதம் அல்ல. நாங்கள் கைவிட்டு வந்த கியர்பெட்டிகள் பல, பணம் இல்லாமையால் கைவிடப்பட்டவைதாம். எண் தகட்டை வேறு வண்டிக்கு மாற்றுவதைச் சட்டம் ஏற்காது என்பதை அனைவரும் அறிவோம். ஆனால் சட்டம் இடம் தந்திருந்தாலும் கொடுக்கலாமா என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

கொடுக்கலாகாது என்ற முடிவுக்கு ஒருவழியாக மூவரும் வந்தோம். அவருடைய வண்டியில் பல வண்டிகளின் உறுப்புகள் இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. போல்ட் மாறலாம், எஞ்சின் மாறலாம், அந்த மாற்றங்களை அந்தந்த உறுப்பே சொல்லிக்கொண்டிருக்கும். எண் அப்படியன்று. அது தான் அறையப்பட்ட சட்டத்தைப் பற்றி மட்டும் சாட்சி சொல்வது. அதைப் பெயர்த்து வேறொரு சட்டத்தில் அறைந்தால் அன்றுமுதல் அது பொய்ச்சாட்சி. நாளை யாரோ ஒருவர் அந்த எண்ணை நம்பி, அந்த வண்டியின்மேல் பர்மா போர்முனைக் கதையொன்றைக் கட்டுவார். பின்னர் வருபவர் அதைச் சான்றாகக் காட்டுவார். கிழிந்த ஏட்டைக் கிழிந்த ஏடாகவே பதிப்பிப்பது நேர்மை. தொலைந்த அடிகளைத் தானே எழுதி நிரப்புவது வேறு தொழில்.

வந்தவரிடம் மறுப்பைச் சொல்லி, எண்ணின் பென்சில் படி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை.

எல்லாவற்றையும் காப்பாற்ற எங்களால் இயலாது. அப்படி ஆசைப்படுவதும் சரியன்று. உலைக்குப் போகும் இரும்பு நாளை ஒரு வீட்டின் கம்பியாகிறது. வெட்டும் இளைஞரின் அன்றைய சோறும் அதில்தான் இருக்கிறது. எனவே எங்கள் வழக்கத்தைச் சுருக்கிக்கொண்டோம். வாங்க முடிந்ததை வாங்குவது. முடியாதவற்றைப் படமெடுத்து, எழுத்துகளைப் படியெடுத்து, எங்கே எந்த நாளில் எந்த உறுப்போடு சேர்ந்து கிடந்தது என்று நோட்டில் எழுதுவது. பிறகு தராசுக்கு வழிவிடுவது. நோட்டு இப்போது இரண்டாகியிருக்கிறது.

சென்ற மாதம் அந்த இளைஞர் எங்களைக் கண்டதும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே பதினொரு போல்ட்டுகள். ஒன்பதில் ஃபோர்டின் சாய்ந்த எழுத்து இருந்தது. மற்ற இரண்டும் ஜீப்புக்கே உரியவை அல்ல, ஏதோ லாரியினுடையவை. அவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. "அதுலயும் எழுத்து இருக்கு சார், எந்தக் கம்பெனின்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டோம்.