இருவர் மட்டும் ஒரு நாள்

ஓய்வு பெற்றவனுக்கு விடுமுறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்துவிட்டு மொரப்பூரில் வீட்டோடு இருக்கும் எனக்கு எல்லா நாள்களும் விடுமுறையே என்பது அவர்களது கணக்கு. கணக்கு சரிதான். ஆயினும் என் மனைவிக்கு அடுப்பிலிருந்தும் துணி துவைக்கும் கல்லிலிருந்தும் ஓய்வளித்து இதுவரை எவரும் ஆணை பிறப்பித்ததில்லை. அவளை முன்னிட்டேனும் ஒரு விடுமுறை தேவையாயிருந்தது.

எங்கள் திருமணம் 1983இல் நடந்தது. நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலையில், பெங்களூர் கெங்கேரியில் குடியிருக்கும் மகன் எங்களை இரு வாரங்களுக்கு அழைத்திருந்தான். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, பிடதியிலுள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு இரண்டு நுழைவுச் சீட்டுகள் வாங்கியிருப்பதாகச் சொன்னான். "நீங்களெல்லாம் வரவில்லையா?" என்று கேட்டேன். "இல்லையப்பா, நீங்களும் அம்மாவும் மட்டும் போய் வாருங்கள்" என்றான். அவன் பணிபுரியும் தொழிற்சாலையும் பிடதியிலேயே இருந்ததால், காலையில் எங்களை இறக்கிவிட்டு மாலையில் திரும்ப அழைத்துப் போவதாக ஏற்பாடு.

நாங்கள் இருவர் மட்டுமாய் ஒரு முழுப் பகலை எங்கேனும் கழித்ததுண்டா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். திருமணமான புதிதில் ஒகேனக்கல் சென்று பரிசல் ஏறினோம்; அப்போதும் என் தங்கையும் மைத்துனனும் உடனிருந்தார்கள். வேளாங்கண்ணிக்குப் பலமுறை சென்றோம், பிள்ளைகளோடு. மருத்துவமனைகளுக்கும் சென்றோம், பெற்றோரோடு. இவை எவற்றையும் குறையாகச் சொல்லவில்லை. இல்லறம் என்பதே அப்படித்தான் போலும். ஆனால் இருவர் மட்டும் என்று ஒரு பகல் எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

இன்னொன்றையும் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஈராண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு கேள்வி பதிலின்றிக் கிடந்தது. மொரப்பூர் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருந்துவிட வேண்டும் என்பது மகனின் விருப்பம். ஞாயிறு தோறும் நாங்கள் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பான். நான், "அம்மாவைக் கேளப்பா" என்பேன். அவளோ, "அப்பா எப்படிச் சொல்கிறாரோ அப்படித்தான்" என்பாள். அழைப்பு முடிந்தபின் நாங்கள் இருவரும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. நேரம் இல்லாமல் இல்லை. பேச்சைத் தொடங்கும் வேளையில் பால்காரர் குரல் கொடுப்பார், இல்லையேல் குக்கர் கூவும். அது கூவட்டும் என்றே இருவரும் காத்திருந்தோமோ என்னவோ!

மொரப்பூர்க்காரர்களுக்குப் பெங்களூர்ப் பயணமே ஒரு வேடிக்கை. ஊரில் இரயில் நிலையம் உண்டு. ஆனால் அந்தப் பாதை ஜோலார்பேட்டையையும் சேலத்தையும் இணைப்பது. ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் பாதையோ தருமபுரியில் இருக்கிறது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய இருப்புப்பாதையில் சிறு இரயில் ஓடத் தொடங்கிற்று. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், அதை நிறுத்திவிட்டார்கள். என் தந்தையார் சிறுவனாய் அதில் சென்றவர். "இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம்" என்று சிரிப்பார். புதிய பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். நாங்கள் 2023இல் தருமபுரிக்குப் பேருந்தில்தான் போனோம்.

வொண்டர்லா, மைசூர்ச் சாலையில் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், 2005இல் திறக்கப்பட்டது. இதனை நிறுவிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி கேரளத்தவர். 1977இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் கருவிகளைச் செய்யும் சிறு தொழிலாக வி-கார்ட் நிறுவனத்தைத் தொடங்கியவர். 2000இல் கொச்சிக்கு அருகே தம் முதல் பூங்காவை அமைத்தவர். ஆனால் அவரைப்பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. 2011இல், அறுபது வயதில், உறவினரல்லாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை அவர் ஈந்தார். அதற்கு ஈராண்டு முன்னதாக, 2009இல், டேவிஸ் சிரமேல் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் அவ்வாறே தம் சிறுநீரகத்தைக் கொடுத்து வழிகாட்டியிருந்தார். பூங்கா வாயிலில் இதைச் சொன்னதும் என் மனைவி, "அப்படியானால் பையன் சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணில்லை" என்றாள். அதுவரை அந்தச் சீட்டின் விலையைப் பற்றி அவளுக்கு மனத்தாங்கல்.

உள்ளே நுழைந்ததும் இளைஞர்கள் ஓட்டம் பிடித்தார்கள். மாலைக்குள் எத்தனை ஊர்திகளில் ஏறிவிடலாம் என்ற கணக்கு அவர்கள் கால்களில் தெரிந்தது. எங்களுக்கு அந்த அவசரம் இல்லை. இதய நோய், இரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் ஏறலாகாது என்று ஆங்காங்கே வைத்திருந்த பலகைகள் எங்கள் வேலையைப் பெரிதும் குறைத்துவிட்டன.

தலைகீழாய்ச் சுழலும் ரோலர் கோஸ்டர் ஒன்றின் முன்னால் நின்றோம். பழக்க தோஷம், விளக்கத் தொடங்கிவிட்டேன். பொறியின் வேலை அந்த வண்டியை முதலில் உயரத்துக்கு ஏற்றிவிடுவதோடு சரி. அதன்பின் அதை இழுப்பது புவியீர்ப்பு ஒன்றே. உயரத்தில் சேர்ந்த நிலையாற்றல் இறங்குகையில் இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்விலும் காற்றிலும் அதில் சிறிது கரைந்துகொண்டே போவதால், இடையில் வேறு உந்துதல் கிடைத்தாலன்றி, அடுத்த மேடு முதல் மேட்டைவிடத் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். இவ்வளவும் சொல்லிமுடிக்குமுன், "மணி அடித்துவிட்டது சார்" என்றாள் என் மனைவி. முப்பத்து மூன்று ஆண்டுகளில் எந்த மாணவனும் இத்தனை துணிவாய் என் வகுப்பை முடித்துவைத்ததில்லை.

நிழலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. முற்பகலில் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. இதற்காக யாரும் எங்களைப் பரிகசிக்க வேண்டியதில்லை. இத்தகைய பூங்காக்களின் வரலாற்றில் பெஞ்சுக்கும் இடமுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் தம் பெண்மக்கள் குதிரை இராட்டினத்தில் சுற்றுவதைப் பெஞ்சில் அமர்ந்து பார்த்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாய் மகிழ்வதற்கு ஓரிடம் வேண்டும் என்று தமக்குத் தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. நம் நாட்டில் தில்லியின் அப்பு கர் 1984இல் தொடங்கி 2008இல் மூடப்பட்டது. தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா 1995இல் வந்தது. அந்த ஆண்டை நான் மறக்க முடியாது. மகனுக்குப் பத்து வயது. கிஷ்கிந்தாவுக்கு அழைத்துப் போகச் சொல்லி அழுதான். மொரப்பூர் வீட்டுக்குத் தளம் போட்டதும் அந்த ஆண்டில்தான். சிமெண்டுக்கும் கம்பிக்கும் போக என் சம்பளத்தில் மிஞ்சியது அரிசிக்குத்தான் ஆயிற்று. இதை என் மனைவியிடம் நினைவுபடுத்தினேன். "அதை நினைத்துத்தான் சீட்டு வாங்கினானோ?" என்றாள். எனக்கும் அவ்வாறே தோன்றியது.

பிறகு ஓர் உயர்ந்த கோபுரக் கட்டிடத்தின் உச்சியில் சுழலும் இராட்டினத்துக்குச் சென்றோம். மின்தூக்கியில் மேலே போய் அங்கிருந்து ஏற வேண்டும். நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஆள்கள் கையால் தள்ளிச் சுற்றிய மரத்தொட்டில் இராட்டினத்தில் நான்கு பேர் அமர்ந்தால் அது முனகும். 1893இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் எழுப்பிய இராட்டினம் 264 அடி உயரம். ஒவ்வொன்றும் அறுபது பேரைக் கொள்ளும் 36 பெட்டிகள் அதில் இருந்தன. இந்தப் பாடத்துக்கு மணி அடிக்கவில்லை. ஏனெனில் என் மனைவி கேட்கவே இல்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகன் வீட்டு ஏழாம் மாடியும் இப்படித்தான் இருக்கிறது" என்றாள். "ஒன்பது மணிக்கு அவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பேரன் பள்ளிக்குப் போய்விடுகிறான். மாலை வரை கதவு சாத்தியபடி. எனக்குப் பிற்பகலை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது."

பதில் சொல்லுமுன் இராட்டினம் நின்றுவிட்டது. இறங்கினோம். உணவு உண்டோம். உண்ணும்போது அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் பேச்சு தொடங்கிவிட்டது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

நீர் விளையாட்டுப் பகுதியில் 'சோம்பல் ஆறு' என்ற பொருள் தரும் ஆங்கிலப் பெயரோடு ஒரு வாய்க்கால் இருக்கிறது. வளைந்து வளைந்து சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும். நீரை எந்திரங்கள் மெல்லத் தள்ளும். இரப்பர் வளையத்தில் அமர்ந்து மிதந்து போகலாம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. புடவையோடு நீரில் இறங்க அனுமதியில்லை. மருமகள் எங்கள் பையின் அடியில் ஒரு நைலான் காற்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் மடித்து வைத்து, "அத்தைக்கு" என்று சீட்டும் எழுதியிருந்தாள். காலையில் அதைப் பார்த்தபோதே, "இந்த வயதில் இந்த வேடமா?" என்று என் மனைவி பையை மூடிவிட்டாள். பிற்பகல் இரண்டு மணிக்கு அவளாகவே பையை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது எனக்கு ஒருகணம் அடையாளம் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளில் அவளைப் புடவையன்றி வேறு உடையில் நான் வெளியிடத்தில் கண்டதில்லை. "சிரித்தீர்களானால் திரும்பிப் போய்விடுவேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை.

காவிரியைக் கண்ட தருமபுரி மாவட்டத்தாருக்கு இது ஓர் ஆறா என்ன! ஒகேனக்கல்லில் மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய பரிசல், பாறைகளுக்கிடையே சுழலும் நீரில் போகும்போது, உள்ளே இருப்பவர் செபமாலையைத் தேடுவார். அன்று பரிசலின் விளிம்பை என் மனைவி பற்றியிருந்த பற்று எனக்கு நினைவிருக்கிறது. இங்கே ஆழம் இடுப்பளவு. வளையங்கள் பிரிந்து போகாமலிருக்க ஒருவர் வளையத்தின் கைப்பிடியை மற்றவர் பிடித்துக்கொண்டோம். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை. குக்கர் கூவவில்லை, பால்காரரும் வரவில்லை.

"பகல் பயம் அங்கே என்றால், இரவு பயம் நம் வீட்டில்" என்று அவளே தொடர்ந்தாள். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. இரவில் இரண்டு தடவை எழுந்து போகிறீர்கள். போனமுறை சுவரைப் பிடித்து நின்றீர்களே, நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். விழுந்துவிட்டால் நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்? யாரைக் கூப்பிடுவேன்?"

அவள் விழித்திருந்தது எனக்குத் தெரியாது. என் பங்கையும் சொன்னேன். மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் தங்கமான பெண். ஆனால் மொரப்பூர்க் கடைத்தெருவில் நடந்தால், "வணக்கம் சார்" என்று நான்கு பேராவது நிற்கிறார்கள். அவர்களுள் ஒருவன் தாத்தாவாகவே ஆகிவிட்டான். இன்னமும் பீடியை மறைக்கிறான். கெங்கேரியில் நான் ஏழாம் மாடிப் பெரியவர் என்பதோடு சரி.

வாய்க்கால் ஒரு சுற்று முடிந்தது. யாரும் இறங்கச் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றின் பாதியில் அவள் சொன்னாள்: "ஏங்க, நாம் இரண்டு பேராய் இருக்கும் மட்டும் மொரப்பூர். ஒருவர் ஆகிவிட்டால், அந்த ஒருவர் மறுபேச்சில்லாமல் இங்கே வந்துவிட வேண்டும். வீட்டை அப்போது விற்கட்டும்."

"எந்த ஒருவர்?"

"அது நம் கையிலா இருக்கிறது?"

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. எதிரே ஒரு சிறுமி எங்கள் வளையங்களில் மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதந்து போனாள். பிறகு நான், "சரி" என்றேன். எனக்கு முன்னால் அவள் போய்விட்டால், நான் இங்கே வந்து ஏழாம் மாடியில் உட்கார வேண்டும் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தச் 'சரி'. அவளும் அதை அறிவாள். கைப்பிடியை விடாமல் மூன்றாம் சுற்றும் போனோம்.

மாலையில் மகன் வந்து, பிடதியின் பேர்பெற்ற தட்டு இட்லி உண்ண அழைத்துப் போனான். ஓர் இட்லியே சிறு தட்டளவு அகலம். அங்கே வைத்து அவள்தான் அவனிடம் சொன்னாள். "அப்பாவைக் கேள்" என்று என்னிடம் தள்ளவில்லை. அவன் தலைநிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு வருத்தம் என்பது தெரிந்தது. வீட்டை விற்கும் பணத்தில் அவனுக்குக் கண் இல்லை. ஊரிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வருமோ என்ற அச்சம் அவனுக்கும் இருந்திருக்கிறது. இட்லியை முடித்துக் கை கழுவி வந்தபின், "குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன்.

செப்டம்பரில் குடும்பத்தோடு மொரப்பூருக்கு வந்தான். கொத்தனாரை வைத்துக் குளியலறைச் சுவரில் இரும்புக் கைப்பிடிகள் பதித்தான். வழுக்கும் தரைக்கல்லை மாற்றினான். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்குகள் போட்டான். கட்டிலருகே ஒரு பொத்தானை அமைத்து, அதை அழுத்தினால் பக்கத்து வீட்டில் மணி ஒலிக்கும்படி கம்பி இழுத்தான். பக்கத்து வீட்டுக்காரரும் மகிழ்ந்து இசைந்தார். மின்பணியாளர் ஏணியிலிருந்து இறங்குமுன்பே பேரன் பொத்தானை அழுத்திவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் கையில் சோற்றோடு ஓடிவந்தார்.